கூச்சலும் குற்றமும்

உலகத்தில் மிகச் சுலபமாக அகப்பட்டுக்கொள்ளும் குற்றவாளி யார் தெரியுமா? சத்தம் போடுகிறவன்தான். திருடனைப் பிடிக்க வேண்டுமானால் தேட வேண்டும். பொய்யனைப் பிடிக்க வேண்டுமானால் யோசிக்க வேண்டும். சத்தம் போடுகிறவனைப் பிடிக்க இரண்டும் தேவையில்லை. காது இருந்தால் போதும்.

வீட்டில் குழந்தை அழுகிறது. "ஏன் அழுகிறாய்?" என்று கேட்பதற்கு முன்னால் "அழாதே!" என்று சொல்லிவிடுகிறோம். கதவு கிறீச்சிடுகிறது, கீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். நிலை இறங்கிக் கதவு தரையில் உரசுகிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. நாலு பேர் இருக்கும் குடும்பத்தில் ஒருத்தி குரலை உயர்த்திப் பேசினால், வீட்டின் நிம்மதியைக் குலைத்தவள் அவள்தான் என்று தீர்ப்பாகிவிடுகிறது. அவள் குரல் உயர்வதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது வழக்கில் சேர்வதே இல்லை.

சத்தம் காதில் விழுந்ததும் நமது கடமை என்ன? அதை அடக்குவதா, விசாரிப்பதா? முடிவில் இரண்டிலும் அமைதி கிடைப்பதால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் தூங்குகிறவனின் அமைதியும் மயங்கிக் கிடப்பவனின் அமைதியும் ஒன்றல்லவே! இந்தக் கேள்வியைப் பற்றி எந்தத் தத்துவப் புத்தகத்தையும்விட எனக்குத் தெளிவாகச் சொல்லித் தந்தது, நாமக்கல் பக்கத்தில் நான் பார்த்த ஒரு மரம் அறுக்கும் யந்திரம்.

சேலத்திலிருந்து தெற்கே புறப்பட்டு மல்லூர், ஆண்டகளூர்க் கேட், புதுச்சத்திரம் என்று தாண்டிக்கொண்டே போனால், கிழக்கே கொல்லிமலை நீல நிறத்தில் கூடவே வரும். 1997-ஆம் ஆண்டு பிறக்கும்வரை இந்தப் பூமி முழுவதும் சேலம் ஜில்லாவாகவே இருந்தது; அதன் பிறகுதான் நாமக்கல் தனி ஜில்லா ஆயிற்று. மழையை நம்பியிருந்த இந்த மேட்டு நிலத்து மக்கள் கோழியையும் லாரியையும் நம்பத் துணிந்தார்கள். நாமக்கல்லை நெருங்க நெருங்க, லாரிக்குப் 'பாடி' கட்டும் பட்டறைகள் தொடங்கிவிடும். வெறும் எலும்புக்கூடாக வந்து நிற்கும் லாரி, தலையும் உடம்பும் பூச்சும் பொட்டுமாக வெளியே போகும். இரும்பு எவ்வளவோ இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகும் பலகைக்கு அங்கே வேலை இருக்கிறது. பலகை இருக்கும் இடத்தில் ரம்ப மேஜையும் இருக்கும்.

ரம்ப மேஜையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்பு மேஜை. அதன் நடுவே ஒரு பிளவு. பிளவுக்குள்ளிருந்து பல் வைத்த வட்ட ரம்பத்தின் மேல்பாதி தலை நீட்டிக்கொண்டிருக்கும். மேஜைக்கு அடியில் ஒரு மின்சார மோட்டார். மோட்டாரின் சக்கரத்திலிருந்து ரம்பத்தின் அச்சுக்கு ஒரு ரப்பர் பெல்ட். அச்சு இரண்டு பக்கமும் பேரிங்கில் உட்கார்ந்து சுழலும். அவ்வளவுதான் யந்திரம். சுவிட்சைப் போட்டால் ரம்பம் சுழல வேண்டும். பலகையைத் தள்ளினால் அது இரண்டாகப் பிளக்க வேண்டும்.

நான் பார்த்த ரம்பம் சுழலத்தான் சுழன்றது. ஆனால் காலையில் முதல் தடவை சுவிட்சைப் போட்டதும், காது ஜவ்வு கிழியும்படி ஓர் அலறல் கிளம்பும். சில விநாடிகள் அலறிவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஒழுங்காக ஓடத் தொடங்கும். ஒழுங்காக ஓடுகிறதே என்று பத்து நாள் விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பட்டறை முதலாளி பெல்ட்டைப் பழித்தார். அலறியது பெல்ட் அல்லவா? புது பெல்ட் வாங்கி மாட்டினார். இரண்டு நாள் சும்மா இருந்தது. மூன்றாம் நாள் புது பெல்ட்டும் அலறியது. யாரோ சொன்னார்கள் என்று பெல்ட்டில் மெழுகு தேய்த்துப் பார்த்தார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் வந்து, "கரெண்டு குறைச்சலா வருதுங்க" என்று மின்சாரத்தின் தலையில் பழியைப் போட்டார். மர வேலை ஆசாரியோ, ரம்பத்தின் பல் மழுங்கிவிட்டது என்றார். கவனித்தீர்களா? ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த இடத்தில்தான் குற்றத்தைக் கண்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒருவனுடைய தொழில் அவனுக்கு ஒரு கண்ணைக் கொடுக்கும்போதே இன்னொரு கண்ணை மூடியும்விடுகிறது.

கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். தினமும் காலையில் சுவிட்சைப் போடுகிறவன் இருபது வயதுப் பையன் ஒருவன். ஊருக்குப் புதிது, தொழிலுக்கும் புதிது. "இவனுக்குச் சுவிட்சுப் போடத் தெரியலை, இவன் வந்ததுக்கு அப்புறந்தான் இந்தச் சத்தம்" என்று முடிவாயிற்று. அவன் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சத்தம் வந்து சில நாள்தான். ஆனால் பழி சொல்லுகிறவர்கள் காலண்டரைப் பார்ப்பது கிடையாது. சத்தம் எழுந்த நேரத்தில் அதற்கு மிகவும் அருகில் நின்றவன் அவன்; அந்த ஒரு சாட்சியம் போதுமாக இருந்தது. சனிக்கிழமைக் கூலியோடு அவனை அனுப்பிவிடுவது என்றும் பேச்சு நடந்தது.

இந்தக் கட்டத்தில்தான் பழைய மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார்கள். எழுபதைத் தாண்டிய மனிதர். வந்ததும் யந்திரத்தைத் தொடவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசியதைக் கேட்டு முடித்துவிட்டுப் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ சொல்லு கண்ணு. தெனமும் போடறவன் நீதானே?"

பையன் தயங்கினான். அதுவரையில் அவனை எல்லோரும் திட்டினார்களே தவிர, ஒருவரும் கேட்டதில்லை.

"காலையில மொத தடவை போடறப்பத்தானுங்க தாத்தா. டீ குடிச்சுட்டு வந்து போட்டா அவ்வளவு இல்லீங்க. திங்கக்கெழமைதான் ரொம்ப ஜாஸ்தி."

"ஏனுங்க முதலாளி, ஞாயித்துக்கெழமை லீவுதானுங்களே?" என்று கேட்டார் மேஸ்திரி. பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது.

எப்படி என்று சொல்லுகிறேன். ஒரு மின்சார மோட்டாருக்கு வாழ்க்கையிலேயே கஷ்டமான நேரம், நின்ற நிலையிலிருந்து புறப்படுகிற அந்தச் சில விநாடிகள்தான். ஓடும்போது வாங்கும் மின்சாரத்தைப்போல ஐந்து, ஆறு, சில சமயம் ஏழு மடங்குகூட அது அப்போது வாங்குகிறது. மின்னழுத்தம் குறைந்தால் சக்தி அதைவிட வேகமாகக் குறையும். அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே, சுழற்றும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எதிரே ஏதாவது இறுக்கம் இருந்தால், மோட்டார் இழுக்கும், அச்சு அசையாது. நடுவில் மாட்டிக்கொண்ட பெல்ட் சக்கரத்தின்மேல் வழுக்கி அலறும். வேகம் பிடித்துவிட்டால் எல்லாக் குறையும் மறைந்துபோகும். யந்திரமானாலும் மனிதனானாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் சௌக்கியமாகத்தான் தோன்றுகிறார்கள்.

இப்போது மேஸ்திரியின் வழியைப் பாருங்கள். மின்சாரம் குறைச்சல் என்றால் அதற்குத் திங்கட்கிழமை என்று ஒரு நாள் தனியாக உண்டா? ரம்பத்தின் பல் மழுங்கியிருந்தால், பலகையை அறுக்கும்போதல்லவா அழ வேண்டும்? பெல்ட் தளர்ந்திருந்தால், டீ குடித்துவிட்டு வந்து போடும்போதும் அதேபோல அலற வேண்டுமே! ஓய்ந்திருக்க ஓய்ந்திருக்க வளருகிற குறை இது. ஓடிச் சூடேறினால் இளகுகிற குறை. அப்படி ஓய்வில் இறுகி, சூட்டில் இளகுவது எது? மசகுதான்.

இவ்வளவு தெரிந்தும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டினார். அது பூனைபோலப் புறப்பட்டு ஓடியது. மோட்டாரின்மேல் இருந்த வழக்குத் தள்ளுபடி. பிறகு மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டு, ரம்பத்தின் அச்சைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது சுழலவில்லை, நகர்ந்தது. ஒரு நீளமான திருப்புளியின் நுனியைப் பேரிங் கூட்டின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, பையனைக் கொண்டு அச்சை மெதுவாகச் சுற்றச் சொன்னார். இரண்டு பக்கமும் கேட்டார். இடது பக்கத்தைச் சுட்டிக் காட்டி, "இதைப் பிரிங்க" என்றார். பிரித்தால், உள்ளே கிரீஸுக்குப் பதிலாக, மரத்தூளும் பழைய கிரீஸும் கலந்து காய்ந்த புண்ணாக்குப்போல ஒன்று இருந்தது.

பெல்ட் குற்றவாளி அல்ல. வேறொருவர் செய்த குற்றத்தின் பாரத்தை இழுத்தது அது. இழுக்க முடியாமல் கத்தியது. உண்மையைச் சொன்னால், அந்த யந்திரத்தில் தன் கடமையைச் செய்ததும் பெல்ட்தான், இடர் வரப்போகிறது என்று அறிவித்ததும் பெல்ட்தான். அதற்குக் கிடைத்த பரிசு மெழுகு.

திருப்புளியைக் காதில் வைத்த அந்த மேஸ்திரியைப் பார்த்தபோது எனக்கு லென்னெக் என்ற பிரெஞ்சு வைத்தியரின் நினைவு வந்தது. 1816-ஆம் ஆண்டு பாரிஸில் இளம்பெண் ஒருத்தியின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டியிருந்தபோது, மார்பில் காதை வைப்பது முறையல்ல என்று கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார் அவர். முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மரத்தால் ஓர் உருளை செய்துகொண்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அதுதான். அவருக்கும் முன்னால், ஆஸ்திரியாவில் ஆவென்புருக்கர் என்ற வைத்தியர், நோயாளியின் மார்பை விரலால் தட்டிப் பார்த்து உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை 1761-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாய்களைத் தட்டி அளவறியும் பழக்கத்திலிருந்து இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது ஆச்சரியமாக இராது. சத்தத்தை அடக்காமல் அதனிடம் கேள்வி கேட்டவர்கள் இவர்கள். மனித குலத்துக்கு இவர்களால் விளைந்த நன்மை கொஞ்சமல்ல.

நம் வள்ளுவரும் மருந்தைப் பற்றிப் பத்துக் குறள் எழுதியவர்தான். நோய் இன்னதென்று தெரிந்துகொண்டு, அதன் மூலத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு தணிக்கும் வழியைத் தேடச் சொல்லுகிறார். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு அடுத்த குறளை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் பார்ப்பதோடு காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார். மேஸ்திரி எண்ணிப் பார்த்தது அந்தக் காலத்தைத்தான். எங்கே சத்தம் என்று எல்லோரும் கேட்டார்கள். எப்போது சத்தம் என்று அவர் ஒருவர்தான் கேட்டார். கேட்டதும் அதிகாரமுள்ளவனிடமல்ல, அருகிலிருந்தவனிடம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. மூலத்தைத் தேடு என்கிறீர்களே, எதுவரையில் தேடுவது? பெல்ட் அலறக் காரணம் பேரிங். பேரிங் இறுகக் காரணம் மரத்தூள். மரத்தூள் பேரிங்குக்குள் போகக் காரணம், மேஜைக்கு அடியில் தூள் அச்சு மட்டும் குவிந்து கிடந்தது. அது ஏன் குவிந்தது என்று மேஸ்திரி கேட்டபோது, தினமும் வந்து கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அம்மாளை வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்று நிறுத்திவிட்டது தெரிந்தது. ஏன் நிறுத்தினார்கள்? கூலி மிச்சம். ஏன் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது? மரத்தின் விலை ஏறிவிட்டது. அது ஏன் ஏறியது? இப்படியே போனால் தேக்கு விளையும் பர்மாக் காடுவரை போகலாம். பிரம்ம தேவனிடத்தில்கூடப் போய் முடியலாம். அங்கே போனவன் ஒருவனும் பேரிங்கை மாற்றத் திரும்பி வரமாட்டான்.

மேஸ்திரி அவ்வளவு தூரம் போகவில்லை. "பேரிங்கு மாத்தறது என் வேலைங்க. தூளை அள்ளறது உங்க வேலைங்க" என்றார், அவ்வளவுதான். இந்த இரண்டு வாக்கியங்களில் எனக்கு வேண்டிய விடை இருந்தது. காரணச் சங்கிலிக்கு முடிவு இல்லை. ஆனால் நம் கை எட்டுவதற்கு ஒரு முடிவு உண்டு. அந்த இடம்வரையில் போய்த்தான் தீர வேண்டும். மனிதர்கள் சாதாரணமாகச் செய்வது என்னவென்றால், தங்கள் கைக்கு ஒரு கணு முன்னதாகவே நின்றுவிடுவது. முதலாளிக்குப் பேரிங்கோடு விஷயம் முடிந்துவிட்டால் சந்தோஷம். ஏனென்றால் அடுத்த கணுவில் அவருடைய பணப்பெட்டி இருக்கிறது. பெல்ட்டோடு முடிந்தால் அதைவிடச் சந்தோஷம். பையனோடு முடிந்தால் செலவே இல்லை! நாம் காரணத்தைத் தேடிப் போகும்போது எந்த இடத்தில் நமக்குத் திருப்தி ஏற்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். திருப்தி சீக்கிரமாக வந்துவிட்டால் சந்தேகப்படுவது நல்லது.

அப்படியானால் எந்தச் சத்தம் கேட்டாலும் யந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட வேண்டுமா? கூடாது. சிறிய ஒற்றை இணைப்பு மோட்டார்கள் பலவற்றில், முக்கால் வேகம் பிடித்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். புறப்படுவதற்கு உதவிய கம்பிச்சுருள், தன் வேலை முடிந்ததென்று விலகிக்கொள்ளும் சத்தம் அது. அந்தச் சத்தம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இரவெல்லாம் ஒரே வளைவில் இறுகிக் கிடந்த பெல்ட் காலையில் சிறிது நேரம் தொப்புத் தொப்பென்று அடித்துவிட்டுச் சரியாகிவிடும். அது சோம்பல் முறிப்பது. வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சிறு சண்டைக்கும் மூலகாரணம் தேடிக்கொண்டிருப்பவரோடு யாரால் வாழ முடியும்? நல்ல வைத்தியன் நோயை அறிவதைப்போலவே, நோயல்லாததையும் அறிவான்.

இன்னொன்றும் உண்டு. சில சத்தங்களில் குற்றமே இராது, செய்தி இருக்கும். அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1964-ஆம் ஆண்டில் ஒரு பெரிய வானொலி ஏரியலை வைத்துக்கொண்டு ஆராய்ந்தபோது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டது. கருவியில் கோளாறு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்தார்கள். இரைச்சல் ஓயவில்லை. அது இந்தப் பிரபஞ்சம் பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சம் என்று பிறகு தெரிந்தது; 1978-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கேட்காததுபோல் இருந்திருக்கலாம், அல்லது புறாவின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கட்டுரையை முடித்திருக்கலாம். இரண்டையும் அவர்கள் செய்யவில்லை.

சத்தத்தை அடக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சியம் இருக்கிறது. போபாலில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகைக்காரர், அந்த ஊர் பூச்சிமருந்துத் தொழிற்சாலையால் ஆபத்து வரும் என்று 1982-ஆம் ஆண்டிலேயே தம்முடைய சிறிய வாரப் பத்திரிகையில் எழுதினார். மறுபடியும் எழுதினார். வீண் கூச்சல் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு விஷவாயு கசிந்தபோது, ஊராருக்காக இருந்த சங்கு சிறிது நேரம் ஊதிவிட்டு நிறுத்தப்பட்டது. சிறு கசிவுகளுக்கெல்லாம் ஊதி ஜனங்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது அங்கே இருந்து வந்த ஏற்பாடு. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கலவரம் கூடாது என்று நினைத்த அந்த ஏற்பாட்டைப் பெல்ட்டில் தேய்த்த மெழுகு என்று சொன்னால், அது வெறும் உவமை ஆகாது.

பட்டறை விஷயத்தில் அவ்வளவு பெரிய பயங்கரம் இல்லைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். இறுகிய பேரிங் ஒரு நாள் உடையும். வேகமாகச் சுழலும் ரம்பம் அச்சில் தள்ளாடினால், பலகையைக் கவ்வி, அதைத் தள்ளுகிறவனின்மேலேயே திருப்பி எறியும். அப்போது எதிரே நின்றுகொண்டிருப்பவன் யார்? சுவிட்சுப் போடத் தெரியாதவன் என்று பழி சுமந்த அதே பையன்தான். சத்தத்துக்கு அருகில் நிற்பவனுக்கு இரண்டு விதத்தில் நஷ்டம். குற்றம் யாருடையதோ, பழி அவனுக்கு. அலட்சியம் யாருடையதோ, காயம் அவனுக்கு. அதனால்தான் இதை யந்திர விஷயம் என்று ஒதுக்காமல், தர்ம விஷயம் என்று சொல்லுகிறேன். நோயைத் தவறாகக் கணிப்பது அறிவின் பிழை மட்டுமல்ல; அந்தக் கணிப்பின் செலவை எப்போதும் இன்னொருவன் கொடுக்கிறான்.

நம்முடைய வீடுகளிலும் ஆபீஸ்களிலும் சங்கங்களிலும் பெல்ட்டைப்போல நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் இழுக்கிறவன். மறு பக்கம் அசையாதவன். இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. நடுவில் இருப்பவர் கத்துகிறார். அவருக்குக் கோபக்காரர் என்று பெயர். அவருக்குப் புத்திமதி சொல்லலாம், பயமுறுத்தலாம், இனிப்பாகப் பேசி மெழுகு தேய்க்கலாம், அவரை அனுப்பிவிட்டு வேறொருவரை வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் புதியவரும் கத்துவார்.

கத்தாமல் போனால்தான் உண்மையில் பயப்பட வேண்டும். இழுத்து இழுத்து வழவழப்பாகத் தேய்ந்துவிட்ட பெல்ட், ஒரு கட்டத்துக்குமேல் பிடிப்பும் இல்லாமல் அலறலும் இல்லாமல் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சத்தம் நின்றுவிட்டது, பிரச்னை தீர்ந்துவிட்டது என்று தோன்றும். நம்மோடு நாள்தோறும் வாதாடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டத் தொடங்கினால், அன்றைக்கு நாம் நிம்மதியாகத் தூங்கப் போகக் கூடாது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கிழவர் கேட்டதைப்போல, "நீ சொல்லு" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரையில் காத்திருக்கவும் வேண்டும்.